தொழுகை இல்லாத நாட்கள்

நோன்பு மாதத்தில் மாலை நேர வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொள்வேன். ஆய்வுகூடத்தில் என்னோடு இருக்கும் நளீமும் நுஸ்ராவும் வீட்டுக்குப் போய் ஆறுதலாக நோன்பு துறக்கட்டும் என்பது நான் வெளியே சொல்லும் காரணம். சொல்லாத காரணம், அந்த நேரம் ஆஸ்பத்திரியே அடங்கிப்போயிருக்கும் என்பதுதான். டெலிபோன் அடிக்காது. யாரும் கதவைத் தட்டி "மிஸ், ரிப்போட் வந்துட்டா?" என்று உயிரை வாங்க மாட்டார்கள்.

அன்றைக்கும் பாங்கு சொல்லி முடிந்து, நுஸ்ரா எனக்கென்று வைத்துவிட்டுப் போன கஞ்சியில் பாதியைக் குடித்திருப்பேன். பெண்கள் வார்டிலிருந்து ஓர் இரத்தக் குழாய் வந்தது. அவசரம் என்று சிவப்புப் பேனையால் எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார்கள். இரத்தத்தில் பனடோல் எவ்வளவு, அஸ்பிரின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பரிசோதனை எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து கொஞ்சக் காலம்தான். முன்பெல்லாம் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு இருப்போம். பதில் வருவதற்குள் ஆள் தேறியிருப்பார், இல்லாவிட்டால் போயிருப்பார். எங்கள் சனம் பனடோலை ஒரு மருந்தாகவே எண்ணுவதில்லை. பாண் வாங்கப் போகும் கடையிலேயே ஒரு காட் குளிசை வாங்கி வந்து, தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் மருமகள் மேல் வரும் கோபத்துக்கும் விழுங்குவார்கள். அளவு தாண்டினால் அது ஈரலைத் தின்றுவிடும் என்று சொன்னால், பனடோலா என்று சிரிப்பார்கள்.

குழாயைச் சுழல வைத்தால் சிவப்பெல்லாம் அடியில் இறங்கி, மேலே வெளிர்மஞ்சள் நீர் தெளியும். அதில் துளியை எடுத்து இயந்திரம் இரசாயனத்தோடு கலக்கும். பனடோல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நிறம் ஏறும். தேத்தண்ணியின் சாயத்தைப் பார்த்தே தேயிலை கூடவா குறையவா என்று சொல்கிறோமே, வேலை அதுதான். இயந்திரம் அதை எண்ணாகச் சொல்லும்.

அஸ்பிரின் இல்லை. பனடோல் இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல. நான் வார்டுக்கு எண்ணைச் சொன்னதும் டொக்டர் ருவன் குழம்பிப்போனார். இளம் பொடியன், புத்தளத்துக்கு வந்துதான் தமிழ் படித்தவர். இருந்தாலும் நல்ல மனுசன்.

"மிஸ், இது எப்பிடிச் சரி வரும்? பல் வலிக்கு ரெண்டு குளிசை குடிச்சதாம். அதுவும் சஹர் நேரம், விடிய முதல். பிறகு நோன்பு. தண்ணியும் குடிக்கல்ல. மகன்தான் உம்மாகிட்டக் கேட்டுக் கேட்டுச் சொல்றார். இன்னொருக்காப் பாருங்க."

இன்னொருக்கா பார்த்தேன். இயந்திரத்தில் பிழையா என்று, அளவு தெரிந்த வேறொரு மாதிரியையும் வைத்துப் பார்த்தேன். அதே எண்தான் வந்தது. விடியமுன் விழுங்கிய இரண்டு குளிசை மாலையாகும்போது உடம்பில் தடமே இல்லாமல் போயிருக்க வேண்டும்.

"அப்ப ரெண்டு இல்ல, பெட்டியோட விழுங்கியிருக்கிறா." அவருடைய குரல் இறங்கியது. "நோன்பு துறக்கப் போகக்குள்ள சத்தி எடுத்து விழுந்திருக்கிறா. மகன் பாத்ரூமுக்குள்ள சவுக்காரத்தூள் டின்ல வெறும் குளிசைக் காட்டெல்லாம் கண்டெடுத்திருக்கிறார். ஒளிச்சு வச்சிருக்கிறா, மிஸ். சாகத்தான் நினைச்சிருக்கிறா எண்டு மகன் அழுறார். மாற்று மருந்து ஏத்தத் தொடங்கிட்டன். ஆனா சஹருக்குக் குடிச்சு இந்த நேரம் மட்டும் இவ்வளவு மிச்சம் எண்டா, கொழும்புக்கு அனுப்பத்தான் வேணும். மனநல டொக்டருக்கும் சொல்ல வேணும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. அவரிடம் ஒரு வரைபடம் இருக்கிறது. குளிசை விழுங்கி எத்தனை மணித்தியாலம், இரத்தத்தில் எவ்வளவு என்று இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஈரலுக்கு எவ்வளவு ஆபத்து என்று அது காட்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் விழுங்கியிருக்க வேண்டும், விழுங்கிய நேரமும் சரியாகத் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று பொய்யானாலும் அந்தப் படம் வெறும் கோடுதான்.

அறிக்கையில் கையெழுத்து வைக்கும்போதுதான் பெயரைப் பார்த்தேன். பஸீஹா. தில்லையடி. வயது என் வயது. என்னோடு ஏஎல் படித்த பஸீஹாவின் தகப்பனுக்கும் அதே முதலெழுத்துத்தான். மிச்சக் கஞ்சியை மூடி வைத்தேன்.

நாங்கள் படித்த காலத்திலும் முஸ்லிம் பாடசாலைகள் நோன்புக்கு ஒரு மாதம் மூடிவிடும். அருமைநாயகம் மாஸ்டரின் இரசாயன டியூட்டரி மூடாது. ஏஎல் சோதனை நோன்பு பார்த்து வருமா என்று கேட்பார். நகரத்துக்கு வெளியே, களப்புப் பக்கம் ஒரு கிடுகுக் கொட்டகை. பக்கவாட்டில் சுவர் கிடையாது. உப்புக்காற்று வந்து கொப்பிகளைப் புரட்டும். புத்தளத்துக் கழுதைகள் உரிமையோடு தலையை உள்ளே நீட்டிப் பார்க்கும். "அதுகளுக்கும் மூல்கணக்கு விளங்கிட்டுது, உங்களுக்கு விளங்கல்ல" என்று மாஸ்டர் எங்களை ஏசுவார். விளங்கியது பஸீஹா ஒருத்திக்குத்தான். மாஸ்டர் போட்டுக் குழப்பியதை அவள் பென்சிலால் என் கொப்பியின் ஓரத்தில் நாலு வரியில் போட்டுக் காட்டிவிடுவாள். இன்றைக்கு நான் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிறேன் என்றால் அதில் பாதி அவள் தந்தது. சரியாகச் சொன்னால் நான் உட்காரும் இந்தக் கதிரை அவளுடையது. பெறுபேறு வந்த மாதமே அவளுக்குக் கலியாணம் பேசிவிட்டார்கள்.

மன்னாரிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்த கத்தோலிக்கக் குடும்பம் நாங்கள். அந்தக் கொட்டகையில் நோன்பு இல்லாத ஒரே பெண் நான். மத்தியானம் எல்லோரும் வாடிப்போய் இருக்க நான் மட்டும் சாப்பிடுவது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் போய், தண்ணீர்த் தாங்கியின் நிழலில் இருந்து பார்சலைப் பிரிப்பேன். முதல் நோன்பு மாதத்தில் ஒருநாள் பஸீஹா பின்னால் வந்து நின்றாள். "எனக்குத் தொழுகை இல்ல" என்றாள், காதுக்குள். எனக்கு விளங்கவில்லை. தொழுகை இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, மாதவிலக்கு வந்தால் தொழவும் கூடாது, நோன்பு பிடிக்கவும் கூடாது, பிறகு ஒரு நாளில் பிடித்துக் கொடுக்கலாம் என்று சொல்லித் தந்தாள். ஆனால் ஆம்பிளைகளுக்கு முன்னால் சாப்பிடுவது எப்படி? வாப்பா பார்த்தால்? கூடப்பிறந்த நானாமார் பார்த்தால்? ஏன் சாப்பிடுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அதனால் பசியோடேயே இருந்துவிடுவார்களாம். அட மடைச்சிகளே என்று பார்சலை அவள் பக்கம் தள்ளினேன்.

பிறகு ஸம்ஹா வந்தாள், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நாள் மாறி நாள் ஒருத்தி வந்து காதுக்குள் அதே வார்த்தையைச் சொல்வாள். அந்தத் தாங்கியின் நிழலில் நாங்கள் சிரித்த சிரிப்பு! வாய் நிறையப் புட்டோடு, சத்தம் வெளியே போகாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்போம். மாஸ்டர் இருமினால் அப்படியே உறைந்துபோவோம். அதற்குப் பிறகு எத்தனையோ கலியாண வீட்டில், ஹோட்டலில் சாப்பிட்டிருக்கிறேன். எதுவும் அந்த ருசிக்குக் கிட்ட வந்ததில்லை. அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு இனிக்கும், கூடவே வலிக்கும்.

என் பார்சல் பெருத்துக்கொண்டே போனது. அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. "எடியே, ஆருக்கடி சோறு கொண்டு போறாய்? எந்தப் பொடியன்?" என்று அகப்பைக் காம்பால் ஒருநாள் நல்ல சாத்து சாத்தினா. உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா விட்டிருப்பா. அது என்னுடைய உண்மை இல்லையே, அவர்களுடையது. அடியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

பல் வலியாம். சஹருக்கு இரண்டு குளிசையாம். கேட்டுச் சொன்னது மகனாம். எனக்கு அந்த எண்ணுக்கு விடை தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஊகமாக டொக்டரிடம் சொல்ல முடியாது, அவள் வாயால் வர வேண்டும். இரவு வேலைக்கு வந்தவரிடம் ஆய்வுகூடத்தைக் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போனேன்.

கட்டிலில் கிடந்தாள். கையில் சேலைன். முகம் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளிறி இருந்தது. பெருநாளைக்கும் நத்தாருக்கும் போனில் படம் அனுப்பிக்கொள்வதோடு எங்கள் சிநேகம் சுருங்கிப்போய்ப் பல வருஷம். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடப் பார்த்தாள். பக்கத்தில் மகன் ஹஸ்மி, தாடியும் அழுத கண்ணுமாக நின்றான். கட்டாரில் வேலை போய் ஊருக்கு வந்தவன், வீட்டோடேயே இருக்கிறான் என்று போனில் சொல்லியிருந்தாள்.

"மகன், இஷாத் தொழுதிட்டு, ஏதாவது சாப்பிட்டிட்டு வாங்கோ. நான் உங்கட உம்மாட கூட்டாளி. இருக்கிறன்" என்றேன். மனமில்லாமல் போனான்.

"எந்தப் பல்லடி வலிக்குது? காட்டு."

அவள் முக்காட்டை இன்னும் இறுக்கினாள். நான் குனிந்து, தாங்கி நிழலில் கேட்கிற அதே குரலில், "தொழுகை இல்லையா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், விம்மி வெடித்துவிட்டாள்.

"ஒரு கிழமையாச்சு அக்னஸ். இந்த வயசுல வந்தா நிக்குதில்ல. குளாயத் திறந்து விட்ட மாதிரிப் போகுது. அடி வயிறு பிச்சிட்டுப் போற மாதிரி ஒரு வலி."

"ஒண்டும் சாப்பிடல்லையா?"

"எப்பிடிச் சாப்பிடுற? அவன் பகல் முழுக்க வீட்டுக்குள்ளதான் ஈக்கான். அடுப்ப மூட்டினா வாசம் போகும். பிஸ்கட் கடிச்சாலும் சத்தம் கேக்கும். பாத்ரூம்ல பைப் தண்ணியில ரெண்டு குளிசையப் போட்டா ஆருக்கும் தெரியா. வயிறு வலிச்சா ரெண்டு போடுவன். பசியில தலையிடிக்கும், அதுக்கும் ரெண்டு. சஹருக்கும் நோன்பு துறக்கவும் அவங்களோட உக்காருவன். பிரட்டிக்கிட்டு வரும், ஒண்டும் இறங்கா. கடையிலதான் பெட்டிக் கணக்குல கிடக்கே, எடுக்கிறதும் ஆருக்கும் தெரியா."

கணவர் ஸலாஹுதீன் தில்லையடியில் சில்லறைக் கடை வைத்திருக்கிறார். சோறு இல்லாத வயிற்றில் நாள் முழுக்கப் பனடோல், அதுவும் கிழமைக் கணக்கில். ஈரல் பாவம், என்ன செய்யும்? எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திவிடும்.

"இரசாயனத்தில ஏ எடுத்தவள் நீ! எனக்குப் படிப்பிச்சவள் நீ! வெக்கமா இல்லையா உனக்கு?"

"வெக்கம்தான்டி" என்றாள். "அதாலதானே."

"உன்ர மார்க்கமே சாப்பிடு எண்டு விட்டுத் தந்த நாள் அது."

"மார்க்கம் விட்டுத் தந்திச்சி. வெக்கம் விட்டுத் தரல்லயே."

டொக்டரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். டொக்டருக்குச் சொல்லு என்றாள். எழும்பின என் கையை ஊசி ஏறாத கையால் பிடித்தாள்.

"அவங்களுக்குச் சொல்லிராத. மகனுக்கு வாணாம். அவருக்கும் வாணாம். ஒரு கிழமையா நோன்புக்காரி மாதிரி அவங்களோட பேரீச்சம்பழம் கடிச்சேனே, எப்பிடிச் சொல்ற?"

"அவையள் நீ சாகப் பாத்தாய் எண்டு நினைக்கினம், பஸீஹா."

"நினைச்சிட்டுப் போகட்டும்."

சொன்னேனே எனக்குக் கோபம் வரும் என்று. ஆனால் இந்தக் கோபத்தில் கத்த முடியவில்லை. செத்துப்போக நினைத்தவள் என்ற பெயரோடு வாழ அவள் தயார். வயிறு வலித்ததென்று சொல்லத்தான் தயாரில்லை.

டொக்டர் ருவன் நான் சொன்னதைக் கேட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மகன வச்சுக் கேட்டா எப்பிடிச் சொல்லுவா? தனியாக் கேட்டிருக்கணும்" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் விழுங்கியிருப்பதால் வரைபடத்தை இனி மூடி வைக்க வேண்டியதுதான், ஈரலைத் தொடர்ந்து பார்த்து மாற்று மருந்தை நீட்டுவோம், பெண் நோய் டொக்டருக்கும் காட்டுவோம் என்றார். மனநல டொக்டர் வந்து ஒரு கதை கதைக்கட்டும், அது போதும். "ஆனா வீட்டுக்காரருக்கு நான் சொல்ல ஏலாது, மிஸ். அவ சொன்னாத்தான்."

மறுநாள் முற்பகல் அவளுடைய இரத்தம் மறுபடி என் கைக்கு வந்தது. பனடோல் வடிந்து போயிருந்தது. ஈரல் அடி வாங்கியிருந்தது, ஆனால் தாங்கும் அடிதான். கொழும்புக்கு அனுப்பத் தேவையில்லை என்றார் டொக்டர். நான் மாதாவுக்கு ஒரு நன்றி சொன்னேன். பஸீஹாவின் அல்லாஹ்வுக்கும் ஒன்று சொன்னேன், மனத்தாங்கல் வரக் கூடாது பாருங்கள்.

பார்வையாளர் நேரம் மத்தியானம். நான் போனபோது ஸலாஹுதீன் நானா கட்டிலின் கால்மாட்டில் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து அவர் சத்தமாகக் கதைத்ததே இல்லை. பக்கத்தில் ஹஸ்மி. கட்டிலோரத்து மேசையில் ஆஸ்பத்திரிச் சோறு மூடியபடி இருந்தது. மற்ற நோயாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவள் மட்டும் அதைத் திரும்பியும் பார்க்காமல் கிடந்தாள்.

"பஸீஹா, ராவெல்லாம் யோசிச்சேன்" என்றார். "நான் என்ன குத்தம் செஞ்சன்? கை நீட்டினது இல்ல. ஏசினதும் இல்ல. என்னோட வாழ ஏலாம ஆகிட்டா? சொன்னா நான் விலகி இருப்பேனே புள்ள. நீ ஏன் போகணும்?"

அவருடைய தாடி நடுங்கியது. அழுகிறார் என்று தெரிந்ததும் ஹஸ்மி திரும்பிக்கொண்டான். நான் பஸீஹாவைப் பார்த்தேன். சொல்லடி, சொல்லித் தொலையடி என்று மனதுக்குள் மன்றாடினேன். என் வாயைத் திறக்காமல் பிடித்து வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவள் முக்காட்டை விலக்கினாள். மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"நான் சாகப் பாக்கல்ல. எனக்கு நோன்பு இல்ல. ஒரு கிழமையா இல்ல. வயித்து வலிக்குப் பகல்ல குளிசை குடிச்சன். உங்களுக்கிட்டச் சொல்ல வெக்கமா ஈந்திச்சி."

ஹஸ்மி காதுமடல் வரை சிவந்துபோய்த் தரையைப் பார்த்தான். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஸலாஹுதீன் நானா மட்டும் அசையவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, "அது எனக்குத் தெரியும்தானே" என்றார்.

"என்ன?"

"கலியாணம் முடிச்ச தலை நோன்புலயே தெரியும். நீ தொழாத நாள் எது எண்டு ஒரே ஊட்டுல ஈக்கிறவனுக்குத் தெரியாதா? அந்த நாளுல நான் பகல் லுஹருக்கு ஊட்ட வந்தா நீ கஷ்டப்படுவா. அதாலதான் கடையிலேயே கிடந்துட்டு பின்னேரம் அசரும் தொழுதுட்டு வருவன். நீ ஆறுதலா ஆக்கித் தின்னட்டும் எண்டு. இத்தன வருஷமும் அப்பிடித்தானே. இந்த முற இவன் ஊட்டுல ஈக்கான் எண்டத நான் யோசிக்கல்ல."

பஸீஹா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அவரையே பார்த்தாள்.

"நான் ஒரு நாளும் தின்னல்ல" என்றாள். "நீங்க இப்ப வருவீங்க, இப்ப வருவீங்க எண்டு வாசலப் பாத்துக்கிட்டே ஈப்பன். ஒரு வருஷம் கூடப் பகல்ல அடுப்பு மூட்டினதில்ல."

பசியாறட்டும் என்று கடையில் கிடந்த மனுசனையும், வந்துவிடுவாரே என்று பட்டினி கிடந்த மனுசியையும் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க நான் ஒன்றும் செய்யவில்லை.

ஸலாஹுதீன் நானா தொப்பியைத் தலையில் வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கட்டிலில் உட்காரக் கூடாது என்று நேர்ஸ் சொன்னது அவர் காதில் விழவில்லை. உட்கார்ந்து, மேசையில் இருந்த சோற்றின் மூடியைத் திறந்தார். நோன்பு பிடித்த வாயோடு, நட்டநடு மத்தியானம், வார்டு முழுக்கப் பார்த்திருக்க, பருப்பை ஊற்றிப் பிசைந்து ஒரு பிடி எடுத்து அவளுடைய வாய்க்கு நேராக நீட்டினார்.

"தின்னு" என்றார்.

அவள் மகனைப் பார்த்தாள். ஹஸ்மி கிளாஸில் தண்ணீர் ஊற்றி, தாயின் பக்கத்தில் வைத்தான். அவள் வாயைத் திறந்தாள்.